மெக்கின்சி, பிசிஜி, பெயின்: ஆஃபர் யாருக்கு என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? ஆளெடுக்கும் முறைக்கு ஒரு மதிப்புரை

ஒரு தொழிலின் பிரச்சினையைக் கொடுத்துப் பேசித் தீர்க்கச் சொல்லும் கேஸ் இன்டர்வியூ முடிந்து வெளியே வருபவர்களின் மனதில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் ஓடும்: கணக்கு சரியாக வந்ததா? உள்ளே உட்கார்ந்திருப்பவர் அதே நேரத்தில் தன் தாளில் எழுதிக்கொண்டிருப்பது வேறொரு கேள்விக்கான பதில். இவரை அடுத்த திங்கட்கிழமை என் கிளையன்ட் முன்னால் தனியாக உட்காரவைக்க எனக்குத் தைரியம் வருமா? ஆஃபர் முடிவாவது அந்தத் தாளில்தான். மாதக்கணக்கில் தயார் செய்பவர்களில் பலர் அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமலே போய்விடுகிறார்கள் என்பதுதான் இந்த மதிப்புரைக்குக் காரணம்.

பார்க்கப்போவது, மற்ற நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் மூன்று கன்சல்டிங் நிறுவனங்களின் முறையை. 1926-இல் சிகாகோவில் தொடங்கிய மெக்கின்சி, 1963-இல் பாஸ்டனில் தொடங்கிய பிசிஜி என்ற பாஸ்டன் கன்சல்டிங் குரூப், 1973-இல் அதே ஊரில் தொடங்கிய பெயின். மூன்றின் முறையும் ஏறக்குறைய ஒரே எலும்புக்கூடு: சி.வி. வடிகட்டல், ஆன்லைன் தேர்வு, முதல் சுற்றில் பொதுவாக இரண்டு பேட்டி, இறுதிச் சுற்றில் பார்ட்னர்கள் எனப்படும் மூத்த பங்குதாரர்களோடு இரண்டு மூன்று பேட்டி, அதன்பின் கதவை மூடிக்கொண்டு ஒரு கூட்டம். விண்ணப்பிப்பவர் இதற்காகத் தன் வாழ்வின் இரண்டு மூன்று மாதத்தைக் கொடுக்கிறார். அதனால் இதையும் ஒரு சேவையாக எடைபோடுவது நியாயமே.

சி.வி. கட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படித்த இடம், மதிப்பெண், செய்த வேலை, கூட்டத்தில் தனித்துத் தெரியும் ஏதாவது ஒன்று. உள்ளே இருப்பவரின் சிபாரிசு சி.வி.யை ஒருவர் கவனமாகப் படிக்க வைக்கும். அதோடு அதன் பலம் தீர்ந்தது. பேட்டி அறைக்குள் அது உங்களோடு வராது.

ஆன்லைன் தேர்வில் மெக்கின்சி நல்ல மாற்றம் ஒன்றைச் செய்தது. முன்பு இருந்தது 60 நிமிடத்தில் 26 கேள்வி கொண்ட காகிதத் தேர்வு. பயிற்சி எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் அதில் இடைவெளி மிகப் பெரிது. அதை எடுத்துவிட்டு, இப்போது 'சால்வ்' என்ற கணினி விளையாட்டை வைத்திருக்கிறார்கள். ஒரு உணவுச் சங்கிலியில் எட்டு உயிரினங்களைச் சேர்த்து ஒன்றுகூடச் சாகாமல் நிலைநிறுத்துவது அதில் நீண்ட காலம் புகழ்பெற்ற பகுதியாக இருந்தது. விடையோடு, விடைக்குப் போன வழியும் பதிவாகிறது. எதை முதலில் பார்த்தீர்கள், எத்தனை முறை மாற்றினீர்கள் என்பதெல்லாம். இங்கே தடுக்கி விழுபவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: கொடுத்த தகவல் முழுவதையும் படித்து முடிக்கப் பார்ப்பது. எது தேவை, எது தேவையில்லை என்று முதல் ஐந்து நிமிடத்தில் பிரித்துவிட வேண்டும். பிசிஜியில் 'கேசி' என்ற சாட்பாட் ஒரு கேஸை எழுத்து வழியே நடத்துகிறது. கடைசியில் கேமரா முன் சுருக்கமாகப் பரிந்துரை சொல்லச் சொல்கிறது. பெயின் அலுவலகத்துக்கு அலுவலகம் வேறு வேறு தேர்வு வைக்கிறது. இவற்றில் நன்றாகச் செய்வது அடுத்த கதவைத் திறக்கும், அவ்வளவுதான். ஆஃபர் முடிவாகும் கூட்டத்தில் இந்த மதிப்பெண்ணை வைத்து யாரும் வாதாடுவதில்லை.

இந்த முறையின் உயிர் கேஸ்தான். ஒரு தொழிலின் பிரச்சினையைச் சொல்லி, 25 முதல் 35 நிமிடத்துக்குள் பேசித் தீர்க்கச் சொல்வார்கள். மெக்கின்சியில் பேட்டியாளரே ஒவ்வொரு கேள்வியாக முன்னே நகர்த்துவார். பிசிஜியிலும் பெயினிலும் வண்டியை ஓட்ட வேண்டியவர் விண்ணப்பதாரர். இந்த வேறுபாட்டைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. மெக்கின்சி பாணிக்கு மட்டும் பழகியவர் பிசிஜி அறையில் அடுத்த கேள்விக்காகக் காத்திருப்பார். எதிரே இருப்பவர் 'தானாக நகரவில்லை' என்று எழுதிவிடுவார்.

தாளில் பொதுவாக நான்கைந்து தலைப்புகள் இருக்கும். பிரச்சினையைப் பிரித்த விதம், எண்களைக் கையாண்ட விதம், எண்ணிலிருந்து அர்த்தத்துக்குப் போன விதம், பேச்சு, ஆள். பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சாரம் மாறாது. ஒவ்வொன்றும் எப்படி மதிப்பிடப்படுகிறது என்பது ஒரு கேஸை வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

200 கடைகள் கொண்ட ஒரு டீக்கடைச் சங்கிலி. லாபம் ஒரே ஆண்டில் 20 கோடியிலிருந்து 14 கோடிக்கு இறங்கிவிட்டது. ஏன்? கடைக்கு நாளொன்றுக்கு 400 டீ, ஒரு டீ 15 ரூபாய், ஆண்டுக்கு 360 நாள். போன ஆண்டும் அப்படியே, இந்த ஆண்டும் அப்படியே. பால் செலவு மட்டும் டீக்கு 4 ரூபாயிலிருந்து 5 ரூபாய் ஆகியிருக்கிறது என்று பேட்டியாளர் சொல்கிறார்.

ஒருவர் கணக்குப் போடுகிறார்: நாளுக்கு 80,000 டீ, 12 லட்ச ரூபாய், ஆண்டுக்கு 43.2 கோடி விற்பனை. ஆண்டு டீ எண்ணிக்கை 2.88 கோடி, ஆகவே பாலால் கூடிய செலவு 2.88 கோடி ரூபாய். எல்லாம் சரி. "லாபம் குறைந்ததற்குப் பால் விலைதான் காரணம்" என்று முடிக்கிறார். இவருக்கு எண்ணில் நல்ல மதிப்பெண், அர்த்தத்தில் மோசமான மதிப்பெண். இன்னொருவர் அதே 2.88 கோடிக்கு வந்து நின்று, "குறைந்தது 6 கோடி. பால் அதில் பாதியைக்கூட விளக்கவில்லை. மீதி 3.12 கோடி எங்கே போயிற்று? விற்பனை மாறவில்லை என்றால் அது வேறு ஏதோ செலவில்தான் இருக்க வேண்டும். வாடகையும் சம்பளமும் எவ்வளவு மாறின?" என்று கேட்கிறார். கடைக்கு மாதம் 13,000 ரூபாய் வாடகை ஏறியிருக்கிறது என்று தெரியவருகிறது. 200 கடை, 12 மாதம், சரியாக 3.12 கோடி. பேட்டியாளரின் பேனா இங்கேதான் வேகமாக ஓடும்.

மூன்றாமவர் இன்னும் ஓரடி போகிறார். "விலையை ஒரு ரூபாய் ஏற்றலாமா என்று பார்க்க வேண்டும். ஒரு டீயின் மாறும் செலவு 7 ரூபாய் என்று வைத்தால், இப்போது டீக்கு 8 ரூபாய் மிச்சம், ஏற்றினால் 9. ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது சுமார் 11 சதவீத டீ விற்பனை போனாலும் நஷ்டமில்லை. வாடிக்கையாளர் அதற்கு மேல் விலகுவாரா என்பதை இரண்டு மூன்று கடைகளில் முதலில் சோதிக்கலாம்." ஒரு பரிந்துரை, அதன் எல்லை, அதைச் சோதிக்கும் வழி. திங்கட்கிழமை கிளையன்ட் முன்னால் உட்காரவைக்கக் கூடியவர் இவர்தான்.

கணக்கில் பிழை வந்தால் என்ன ஆகும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. பிழைகளும் ஒரே எடையில் இல்லை. தானே கண்டுபிடித்துத் திருத்தினால் ஏறக்குறைய ஒன்றும் குறையாது, சிலர் அதையே நல்ல அறிகுறியாக எழுதுவார்கள். பேட்டியாளர் சுட்டிக்காட்டித் திருத்தினால் கொஞ்சம் குறையும். 43 கோடி வர வேண்டிய இடத்தில் 430 கோடி வந்து, 200 டீக்கடைக்கு அவ்வளவு வருமானம் சாத்தியமா என்று ஒரு கணம்கூட யோசிக்காமல் அடுத்ததற்குப் போனால் அது பெரிய அடி. நம்மவர்களுக்கு இதில் தனி ஆபத்து ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர், துபாய், லண்டன் அலுவலகங்களின் பேட்டியில் எண்கள் மில்லியனில் வரும். 1 மில்லியன் பத்து லட்சம், 1 கோடி பத்து மில்லியன். மனதுக்குள் லட்சத்துக்கு மாற்றி மறுபடி மில்லியனுக்கு மாற்றும் இடத்தில்தான் சைபர் கழன்று விழுகிறது. பேட்டிக்கு மூன்று வாரம் முன்பிருந்தே மில்லியனில் மட்டும் கணக்குப் போட்டுப் பழகுவதுதான் வழி.

பிரச்சினையைப் பிரிக்கும் திறனில் மிக அதிகமாகக் குறை எழுதப்படுவது, மனப்பாடம் செய்த ஃப்ரேம்வொர்க்கை, அதாவது பிரச்சினையைப் பிரிக்கும் ஆயத்தச் சட்டகத்தைக் கக்குவதற்கு. ஒன்றோடொன்று மோதாமலும் எதுவும் விடுபடாமலும் பிரிக்க வேண்டும் என்ற 'மீசி' கொள்கையை எல்லோரும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் மருத்துவமனைக்கும் சிமென்ட் ஆலைக்கும் ஒரே கிளைகளை வரைந்தால், தொழிலைப் பற்றி இவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை என்பது எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும். பிரச்சினையைக் கிளை கிளையாகப் பிரித்து டீக்கடைக்கு வரையும் மரத்தில் பால், வாடகை, ஒரு நாளின் நெரிசல் நேரம் இவை இருக்க வேண்டும். ஒரு சோதனை: மரத்தில் உள்ள சொற்களை மட்டும் பார்த்து இது எந்தத் தொழில் என்று மூன்றாம் மனிதர் ஒருவர் சொல்ல முடிந்தால் அது நல்ல மரம்.

பயிற்சிக்கு மெக்கின்சி தன் தளத்தில் சில கேஸ்களை இலவசமாக வைத்திருக்கிறது. மெக்சிகோவின் கிராமப்புறக் கடைகளைப் பற்றிய 'டிகோன்சா' அவற்றில் சிறந்தது. கேள்விகள் எந்த வரிசையில் வரும், விடையில் எவ்வளவு ஆழம் எதிர்பார்க்கிறார்கள் என்று அதைவிட நன்றாக எதுவும் காட்டுவதில்லை. அதில் இல்லாதது ஒன்றுதான்: "ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று குறுக்கே கேட்கும் ஆள். அதனால் எழுதிப் படிப்பதோடு நிறுத்தாமல், எதிரே ஒருவரை உட்காரவைத்துப் பேசிப் பழக வேண்டும்.

அடுத்தது ஆளைப் பற்றிய பேட்டி. மெக்கின்சியில் இது ஒவ்வொரு பேட்டியிலும் பத்துப் பதினைந்து நிமிடம் வரும், ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து அடிமட்டம்வரை தோண்டுவார்கள். "அப்போது அவர் என்ன சொன்னார்? நீங்கள் திரும்ப என்ன சொன்னீர்கள்? ஏன் அந்தச் சொற்களைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" மூன்றாவது 'ஏன்'-இலேயே பொய்க் கதைகள் உதிர்ந்துவிடும். அதற்காகவே இந்த வடிவம், அந்த வகையில் இது அருமையான கருவி. விழுபவர்கள் பெரும்பாலும் பொய் சொல்பவர்களும் இல்லை. எல்லாவற்றையும் 'நாங்கள்' என்று சொல்பவர்கள். நம் ஊரில் 'நான் செய்தேன்' என்பது தற்பெருமையாக ஒலிக்கும் என்று வளர்க்கிறார்கள். தாளில் எழுத வேண்டியவருக்கோ, அந்த ஆறு பேரில் இவர் செய்தது எது என்று தெரிந்தாக வேண்டும். குழுவுக்கு உரிய பாராட்டை ஒரு வாக்கியத்தில் கொடுத்துவிட்டு, அதன்பின் தன் முடிவு, தன் வார்த்தை, தன் தவறு என்று பேசுவது தற்பெருமை ஆகாது.

இனி கூட்டம். இந்த முறையில் மிகவும் பாராட்ட வேண்டிய ஏற்பாடு இங்கே இருக்கிறது. நன்றாக நடத்தும் அலுவலகங்களில் பேட்டியாளர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன்பே, சூடு ஆறாமல், தங்கள் மதிப்பெண்ணையும் ஆதாரக் குறிப்பையும் எழுதி முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மூத்த பார்ட்னர் "எனக்குப் பிடித்திருந்தது" என்ற அடுத்த நொடியே மற்ற மூவருக்கும் பிடித்துவிடும். எழுதியபின் கூடும்போது கருத்து வேறுபாடுகள் மேசைமேல் வெளிப்படையாக இருக்கும்.

அந்த மேசையில் சராசரி எடுப்பதில்லை. பலருக்கும் தெரியாத உண்மை இது. நான்கு பேரிடமும் 'பரவாயில்லை' வாங்கிய ஒருவரையும், இருவரிடம் 'மிக நன்று', ஒருவரிடம் 'பரவாயில்லை', ஒருவரிடம் 'கணக்கு பலவீனம்' வாங்கிய ஒருவரையும் பக்கத்தில் வைத்தால், கூட்டம் பெரும்பாலும் இரண்டாமவர் பக்கம் சாயும். ஏதாவது ஒன்றில் தனித்து ஓங்கி நிற்பவரையே இந்த நிறுவனங்கள் தேடுகின்றன. அதோடு, அவருக்காக வாதாட ஒரு ஆள் அந்த அறையில் இருக்கிறார். முதலாமவருக்கு எதிரியும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. எல்லாம் சரியாகச் செய்தும் ஏன் கிடைக்கவில்லை என்று குழம்பும் பலர் இந்த முதல் வகை.

ஆனால் அந்த ஒரு பலவீனம் எந்த வகை என்பதைப் பொறுத்தே சாய்வு. பயிற்சியால் சரியாகக் கூடியதா? கணக்கில் தடுமாற்றம், பதற்றம், ஃப்ரேம்வொர்க் கொஞ்சம் பொதுவாக இருந்தது இவையெல்லாம் மன்னிக்கப்படும். பேட்டியாளர் கொடுத்த குறிப்பை இரண்டு முறை காதில் வாங்காமல் தன் வழியிலேயே போனது, தெரியாத எண்ணைத் தெரிந்ததுபோல் சொன்னது, திருத்தியபோது முகம் சுருங்கியது, வரவேற்பில் இருந்தவரிடம் அலட்சியமாகப் பேசியது இவை மன்னிக்கப்படாது. கணக்கை ஆறு மாதத்தில் சொல்லித்தரலாம். கேட்காத காதை கிளையன்ட் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

இன்னொரு விதி: ஒரே குறையை இரண்டு பேட்டியாளர்கள் தனித்தனியாக எழுதியிருந்தால், அது சறுக்கல் என்ற கணக்கில் வராது, குணம் என்ற கணக்கில் வரும். அதனால்தான் முதல் சுற்றின் குறிப்பு இறுதிச் சுற்றுக்குப் போகும்போது, "எண்களை மறுபடி சோதித்துப் பாருங்கள்" என்பதுபோல் போகிறது. முதல் சுற்று முடிந்ததும் பின்னூட்டம் கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். சொன்னதைக் குறித்துக்கொண்டு அதையே பயிற்சி செய்பவருக்கு இறுதிச் சுற்றின் வினாத்தாளில் ஒரு கேள்வி முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

இறுதிச் சுற்றைப் பற்றிக் கொஞ்சம் குறை சொல்லத்தான் வேண்டும். பார்ட்னர்கள் தங்கள் சொந்த வேலையிலிருந்தே ஒரு பிரச்சினையை எடுத்துப் போடுவார்கள். அச்சிட்ட தாள் இருக்காது, சில சமயம் கேஸ் எங்கே தொடங்கியது, உரையாடல் எங்கே முடிந்தது என்றே தெரியாது. வேலையின் நிஜத்துக்கு இது நெருக்கமானதுதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்ற முதல் சுற்றின் பலம் இங்கே தளர்கிறது. ஆளெடுப்பு முறைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் சாக்கெட் என்ற உளவியலாளரும் சகாக்களும் வெளியிட்ட கணக்கின்படி, ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் என்று கட்டமைத்த பேட்டிக்கும் பின்னாளைய வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பு 0.42 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). கட்டமைக்காத பேட்டிக்கு வெறும் 0.19. முக்கியமான சுற்றில்தான் தளர்வான கருவி பயன்படுகிறது என்பது இந்த முறையின் மெய்யான பலவீனம்.

'ஆள் நமக்கு ஒத்துவருவாரா' என்ற தலைப்பும் அதே சிக்கலை உடையது. அமெரிக்காவின் உயர்நிலை வங்கி, சட்டம், கன்சல்டிங் நிறுவனங்களில் ஆளெடுப்பவர்கள் 120 பேரைப் பேட்டி கண்டு சமூகவியலாளர் லாரன் ரிவேரா 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் பேட்டிக் கட்டத்தில் பண்பாட்டுப் பொருத்தமே முதன்மை என்றார்கள். ஒரே விளையாட்டு, ஒரே பயணம், ஒரே பொழுதுபோக்கு உள்ளவர்கள் ஒருவரையொருவர் எடுத்துக்கொண்டார்கள். சிறு ஊரிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இது நியாயம் செய்யாது. கேஸுக்கு உள்ளதுபோல் இந்தத் தலைப்புக்கும் 'என்ன பார்த்தேன், என்ன கேட்டேன்' என்று ஆதாரம் எழுதக் கட்டாயப்படுத்தும் அலுவலகங்களே நல்ல அலுவலகங்கள்.

இந்தியக் கேம்பஸில் இதே முறை ஒரு நாளுக்குள் நசுக்கி அடைக்கப்படுகிறது. ஐஐடி மெட்ராஸில் டிசம்பர் 1 காலை தொடங்குகிறது. ஐஐஎம்களில் ஒரே நாளில் பேட்டிகள் அடுத்தடுத்து நடந்து சில மணி நேரத்தில் முடிவும் வந்துவிடும். இங்கே தாளில் இல்லாத ஒரு கேள்வி கூட்டத்துக்குள் வருகிறது: கொடுத்தால் இவர் வருவாரா? கேம்பஸ் விதிப்படி ஒரு ஆஃபரை ஏற்றவர் களத்தைவிட்டு வெளியேற வேண்டும். அதனால் பக்கத்து அறையில் போட்டி நிறுவனம் அவரைப் பேட்டி காணும்போது, இவர் தயங்குகிறார் என்று பட்டால் கூட்டம் அடுத்த பெயருக்குப் போய்விடும். "நீங்கள்தான் என் முதல் தேர்வு" என்பது உண்மையானால் கேட்கும்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எல்லோரிடமும் அதையே சொன்னால், சாயங்காலத்துக்குள் வெளிப்பட்டுவிடும் அளவுக்குச் சிறிய இடம் அது.

கிடைக்காதவர்களுக்கு இந்தச் சேவை தருவது பின்னூட்ட அழைப்பு. நேரடி விண்ணப்பத்தில் பல அலுவலகங்கள் பேட்டி எடுத்தவரையே பேசவைக்கின்றன, கேம்பஸில் இது அரிது. அழைப்பு வந்தால் வருத்தத்தில் "பரவாயில்லை சார், நன்றி" என்று வைத்துவிடக் கூடாது. இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: எந்தத் தலைப்பில் தேவையான அளவைத் தொடவில்லை? ஒருவர் மட்டும் சொன்னாரா, இருவரும் சொன்னார்களா? விடையை அன்றைக்கே தேதியோடு எழுதி வைக்கவும். மறுபடி விண்ணப்பிக்கப் பொதுவாக ஒன்றிரண்டு ஆண்டு இடைவெளி கேட்பார்கள். அப்போது பழைய குறிப்புகள் மீண்டும் மேசைக்கு வர வாய்ப்புண்டு. கணக்கு பலவீனம் என்று அதில் இருந்தால், நடுவில் எண்களோடு செய்த வேலை ஒன்று சி.வி.யின் முதல் மூன்று வரிக்குள் இருக்க வேண்டும்.